வியாழக்கிழமை எச்சரிக்கை

ஆலோசனை சொல்லாமல் இருப்பதற்காகவே ஆட்கள் நேரம் ஒதுக்கி வந்து உட்காரும் தொழில் என்னுடையது. உளவளத்துணை என்று சொன்னால் வெள்ளவத்தையில் பாதிப்பேருக்கு விளங்காது. கவுன்சிலிங் என்றால் விளங்கும். விளங்கியதும் ஓரடி பின்னால் போய் நின்றுகொள்வார்கள். தனியாக வருபவர் கதைக்கும்போது கேட்க வேண்டும். சோடியாக வருபவர்கள் கதைக்கும்போது தலையை இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஆட்ட வேண்டும். கோச்சிங் என்று வருபவரிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவருக்குக் கோபம் வரும்வரை கேட்க வேண்டும். தொழில் இரகசியம் இவ்வளவுதான்.

நீங்களும் அடுத்தவர் வீட்டுச் சண்டையை ஒரு மணித்தியாலம் கேட்டு, "ம்" என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சமாளித்தவராக இருந்தால் இப்படிப் பக்கத்தில் வந்து இருங்கள். நான் படும் பாடு உங்களுக்குப் புரியும். பெயர்களை மாற்றியிருக்கிறேன், எழுதலாமா என்று எல்லாரிடமும் கேட்டும் இருக்கிறேன். ஒருவர் மட்டும் சம்மதம் தர மறுத்தார். "நான் உங்களிட்டக் கவுன்சிலிங்குக்கு வந்தனானே இல்லை. பிறகென்ன சம்மதம்? எழுதுங்கோ" என்றார். அவரைப் பற்றித்தான் இதில் அதிகம் வருகிறது.

பெயர்ப் பலகை

கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஐந்து மாடிக் கட்டடத்தின் முதலாம் மாடியில் என் அறை இருக்கிறது. ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போனபிறகு தொடர வேண்டும். சிலர் அழுகையைக்கூட அப்படி நிறுத்தித் தொடர்வார்கள். குடிவந்த வாரமே வாசலில் ஒரு பலகை கொழுவினேன். அதைப் பார்த்துவிட்டுக் கட்டட நிர்வாகக் குழுவின் செயலாளர் மகாலிங்கம் வந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். எதைப் பார்த்தாலும் நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். என் பலகையையும் அப்படிப் பார்த்து, விரலால் தட்டி நேராக்கிவிட்டு, பிறகு கழற்றச் சொன்னார்.

"பிள்ளை, மூண்டாம் மாடியில கலியாணத்துக்கு ஒரு குமர் நிக்குது. மாப்பிள்ளை பகுதி படியேறி வரேக்க இந்தப் போர்டைப் பாத்திட்டு, 'இங்க ஆருக்கு மனநோய்?' எண்டு கேட்டவையாம். அந்தச் சம்மந்தம் அதோட சரி." பலகையைக் கழற்றினேன். அது போதவில்லை. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில், என் அறை இருப்பதா போவதா என்று வாக்கெடுக்கப் போவதாகச் சொன்னார். வீட்டு உறுதிப் பத்திரத்தில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் வாக்கு, அது அவரே கொண்டுவந்த விதி, வாடகைக்கு இருக்கும் எனக்கு வாக்கில்லை என்பதையும் விளக்கினார். வீட்டுக்காரர் இருப்பது ரொறன்ரோவில். அவரைக் கூப்பிட்டுக் கேட்டால், "குழு வேண்டாம் எண்டால் நான் என்ன செய்ய?" என்றார். வேறு அறை தேடிப் பார்த்தேன். கேட்ட இடமெல்லாம் "வாற ஆக்கள் கத்துவினமோ?" என்ற கேள்விதான் வந்தது. இந்த அறை போனால் தொழிலும் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பலகையைக் கழற்றிய அன்றே மகாலிங்கம் ஐயா படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொல்லியிருந்தார்: "நான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வருவன். வேற ஒண்டுக்கும் இல்லை, எச்சரிக்கிறதுக்கு."

பொருத்தம் பார்த்தவர்

கலியாணமாகிச் சில மாதங்களேயான ஒரு சோடி முதல் முறையாக வந்தது. இரண்டு கதிரை போட்டிருந்தேன். மூன்று பேர் உள்ளே வந்தார்கள். மூன்றாமவர் வெள்ளை வேட்டி, கக்கத்தில் ஒரு தோல் பை. பெண்ணின் தகப்பனாக்கும் என்று நினைத்து இன்னொரு கதிரையை ஓரமாகப் போட்டேன். அவர் அதைத் தூக்கி இரண்டுக்கும் நடுவில் வைத்து உட்கார்ந்தார். கலியாணத் தரகர். சம்மந்தத்தைப் பேசி முடித்தவர் என்ற முறையில் பொறுப்பெடுத்து வந்திருக்கிறாராம்.

சோடி வேலையில் முதல் பாடம், கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கதைக்க வேண்டும் என்பது. இங்கே இருவரும் திரும்பிய போதெல்லாம் நடுவில் தரகரின் முகம்தான் இருந்தது. அவள், "இவர் வேலையால வந்தால் போனைத்தான் பாக்கிறார்" என்பாள். தரகர், "அப்பிடியோ தம்பி?" என்பார். அவன், "இவ எதையும் தாய்க்குச் சொல்லிப்போட்டுத்தான் எனக்குச் சொல்லுறா" என்பான். தரகர் அந்தப் பக்கம் திரும்பி, "அப்பிடியோ பிள்ளை?" என்பார். நான் செய்ய வேண்டிய வேலையை என்னைவிடச் சுறுசுறுப்பாகச் செய்துகொண்டிருந்தார். கடைசியில் அவரை மெதுவாக வெளியே கூட்டிப்போய், உள்ளே இருவர் மட்டும் இருந்தால்தான் நல்லது என்றேன். அவர் கோபிக்கவில்லை. பையைத் திறந்து இரண்டு சாதகங்களையும் எடுத்து என் கையில் வைத்தார்.

"பத்தில எட்டுப் பொருத்தம் இருந்தது தங்கச்சி. மற்ற ரெண்டும் எங்க இடிக்குது எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ. நான் வெளியில நிக்கிறன்."

நேர்முகத் தேர்வு

கோச்சிங் வேண்டும் என்று ஒரு பெண் மாலையில் வந்தாள். பெயர் தர்சினி. நேர்முகத் தேர்வு ஒன்று இருக்கிறது, அதற்குத் தயார்ப்படுத்த வேண்டும் என்றாள். எனக்குச் சந்தோசம். கண்ணைப் பார்த்துக் கதைப்பது, கையைக் காலை எங்கே வைப்பது என்று கொஞ்சம் பழக்கிவிட்டு, எந்தக் கொம்பனி என்று கேட்டேன்.

"கொம்பனி இல்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, எங்கட வீட்டு ஹோல்ல. நான் மூண்டாம் மாடி."

அப்போதுதான் விளங்கியது, செயலாளர் சொன்ன குமர் இவள்தான் என்று. அதே தரகர் அடுத்த மாப்பிள்ளையைக் கொண்டுவருகிறாராம். இவளுக்கு அந்தத் தேர்வில் நல்ல முறையில் சித்தியடையாமல் வர வேண்டும். அப்பாவின் மனம் நோகக்கூடாது, மாப்பிள்ளை பகுதி தாமாகவே வேண்டாம் என்று போக வேண்டும். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று தொழில்முறைப்படி கேட்டேன். கணக்கியல் கடைசிச் சோதனையை எழுதி முடிக்க வேண்டும் என்றாள். "அது அப்பாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். கண்ணைக் கையை எல்லாம் நான் பழக்கியபடி அழகாக வைத்துக்கொண்டே மழுப்பினாள்.

"அதைப் பிறகு பாப்பம் அக்கா. போன தரம் அவையள் திரும்பிப் போனது உங்கட போர்டைப் பாத்துத்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் அதைத் திரும்பக் கொழுவிவிடுங்கோ."

கொட்டாஞ்சேனையில் பத்து நிமிடம்

சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் இருப்பேன். அங்கே வருபவர்கள் வெள்ளவத்தைக்காரர் மாதிரி ஒளித்து வருவதில்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் அந்தோனியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மிச்சம் இருந்தால் சனிக்கிழமை என்னிடம் கொண்டுவருவார்கள். அப்படித்தான் மேரி அக்கா தன் கணவரைக் கூட்டிவந்தார். அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறார். நாள் முழுக்க உயரத்தில் தனியாக இருந்து பழகி, வீட்டுக்கு வந்தும் வாய் திறப்பதில்லை. என் முன்னாலும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் பத்து நிமிடம் மனைவியோடு கதைக்க வேண்டும், என்ன கதையானாலும் பரவாயில்லை என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மேரி அக்கா கணவரோடும் ஒரு முறைப்பாட்டோடும் வந்தார். மனுசன் சொன்னதைச் சரியாகச் செய்கிறாராம். போனில் அலாரம் வைத்து, பத்தாவது நிமிடம் அது அடித்ததும் சொல்லிக்கொண்டிருந்த வசனத்தைக்கூட முடிக்காமல் எழும்பிப் போய்விடுகிறாராம். ஒரு கப்பலில் இருந்து இறக்கிய பெட்டிக்குள்ளே உயிரோடு ஏதோ அசைந்தது, எல்லாரும் சுற்றி நின்று கதவைத் திறந்தோம் என்ற இடத்தில் அலாரம் அடித்துவிட்டதாம். "என்ன இருந்தது?" என்று நானும் கேட்டுவிட்டேன், அது தொழிலுக்கு விரோதம்தான். கணவர் கூரையில் இருந்து கண்ணை எடுக்காமல், "இன்னிக்கு ராவுக்கு" என்றார். மேரி அக்கா அவரை முறைத்தார். முறைத்த முகத்திலேயே சிரிப்பும் வந்தது.

"பாருங்க மிஸ், கல்யாணம் கட்டி இத்தன வருஷத்துல இந்த மனுசன் எப்ப வீட்டுக்கு வருவார்னு நான் வாசல்ல நின்னதே இல்ல. இந்த ஒரு கிழமையாத்தான் நிக்கிறேன்."

குடியிருப்பாளர்களின் கவனத்திற்கு

செயலாளர் சொன்ன சொல் தவறவில்லை. வியாழக்கிழமை தோறும் ஐந்து மணிக்கு வந்தார். முதல் வாரம் நின்றுகொண்டே எச்சரித்தார். அடுத்த வாரம், முழங்கால் நோகிறது என்று உட்கார்ந்து எச்சரித்தார். அதற்கடுத்த வாரம் தேத்தண்ணி குடித்து எச்சரித்தார். எச்சரிக்கை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு எழும்பாமல் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் "ம்" என்பேன். அந்த "ம்"மைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் கதைக்கத் தொடங்கினார்.

வீட்டில் மனைவியோடு பேச்சு இல்லையாம். "மகள் மெல்பேர்னில. ரெண்டு பேருக்கும் விசா எடுத்துப்போட்டாள். இவ போவம் எண்டா. நான் ஏலாது எண்டன். கடைசியா, 'நீர் வேணுமெண்டால் போம்' எண்டிட்டன். அண்டையில இருந்து வீட்டில கதை இல்லை." ஏதாவது தேவையென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "குறூப்பில போடுவன்" என்றார். கட்டடத்து வாட்ஸப் குறூப்பில்!

எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. "குடியிருப்பாளர்களின் கவனத்திற்கு: இரவு ஒன்பது மணிக்குப் பின் தொலைக்காட்சித் தொடர்களின் சத்தத்தைக் குறைக்கவும்." "குடியிருப்பாளர்களின் கவனத்திற்கு: சாம்பாரில் பெருங்காயத்தை அளவோடு பாவிக்கவும்." "குடியிருப்பாளர்களின் கவனத்திற்கு: பிறரது வாசிப்புக் கண்ணாடியை எடுத்த இடத்திலேயே வைக்கவும்." எல்லாம் ஐந்தாம் மாடியில் இருக்கும் ஒரே ஒரு குடியிருப்பாளருக்கு. அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் கீழே கைகூப்பும் படம் ஒன்றைப் போடுவார். அதற்கு அர்த்தம் "செய்ய மாட்டேன்" என்பதாம். இது தெரியாத மற்ற வீட்டுக்காரர்கள்தான் ஒழுங்காகக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தார்கள். நாலாம் மாடி ரீச்சர் வீட்டில் பெருங்காயம் அடியோடு நின்றுவிட்டது. நானும் அன்றிலிருந்து என் கண்ணாடியை ஒரே இடத்தில்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்போது அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "இங்க தண்ணி மோட்டர் பழுதெண்டால் எல்லாரும் என்னைத்தான் தேடுவினம் பிள்ளை. அங்க போனால் நான் ஆர்?" எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "இதை அன்ரியிட்டச் சொன்னனீங்களோ?" என்று மட்டும் கேட்டேன். உடனே எழும்பிச் சேர்ட்டை இழுத்து நேராக்கினார்.

"இண்டைக்கு நான் கதைச்சதை வைச்சுக்கொண்டு கூட்டத்தில சலுகை ஒண்டும் எதிர்பாக்க வேண்டாம். இது எச்சரிக்கை மட்டும்தான்."

சூசியம்

பொதுக்கூட்டத்துக்கு முந்தின வாரம் ஐந்தாம் மாடி சறோ அன்ரி, அதாவது செயலாளரின் மனைவி, ஒரு தட்டில் பயறும் சர்க்கரையும் வைத்துப் பொரித்த சூசியத்தோடு வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். எந்தக் கதிரையில் உட்காரலாம் என்று யோசிப்பதுபோல யோசித்து, ஐயா வழக்கமாக உட்காரும் கதிரையிலேயே சரியாக உட்கார்ந்தார்.

"அவர் இங்க வாறவரோ?" என்று கேட்டார். யார் வருகிறார், யார் வரவில்லை என்பதை நான் சொல்லக்கூடாது, அது தொழில் கட்டுப்பாடு என்று விளக்கினேன். பாக்கு வெட்டியில் அகப்பட்ட பாக்கு மாதிரி இருந்தது என் நிலை. ஒரு சொல் சொன்னால் அவருடைய நம்பிக்கை போகும், சொல்லாவிட்டால் இவருடைய மனம் நோகும். வாயில் சூசியத்தைத் திணித்துக்கொண்டேன். வாய் நிறைந்திருந்தால் வார்த்தை வராது. அன்ரி அதைப் பார்த்து மெல்லச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "போம் எண்டு சொன்னவர் பிள்ளை. குடியிருக்கிற ஆக்களை எழும்பச் சொல்லுற மாதிரி. நான் என்ன, பேரப்பிள்ளையளைப் பாக்கத் தனியப் போற ஆளோ? இவரை விட்டிட்டோ?" அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். மேலே ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே பயத்தை ஆளுக்காள் ஒளித்து வைத்துக்கொண்டு இருக்கிறார்கள், கீழே நான் முதலாம் மாடியில் சூசியம் தின்றுகொண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் இந்தத் தொழிலில் வாயை மூடியிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. அன்ரி தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை பின்னேரத்தில மட்டும் அவர் குறூப்பில ஒண்டும் போடுறேல்லை. எனக்கு அது போதும்."

ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு

கூட்டம் கீழே கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. என்னை ஓரத்தில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். நிகழ்ச்சி நிரலில் தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்ததாக என் அறை. தர்சினியின் அப்பா எழும்பி, குமர்ப் பிள்ளை இருக்கிற கட்டடம், நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள் என்றார். நாலாம் மாடி ரீச்சர், வருகிற ஆட்கள் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகிறார்கள், மேலே பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தம்தான் பெரிது என்றார். கையைத் தூக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கம் எத்தனை கையோ அந்தப் பக்கமும் அத்தனை. ஐந்தாம் மாடி மட்டும் மிச்சம்.

செயலாளர் வழக்கம்போலத் தானே கையைத் தூக்கப் போனார். ரீச்சர் விடவில்லை. "ஐயா, உறுதியில பேர் உள்ளவைக்குத்தான் வாக்கு எண்டு நீங்கதானே விதி கொண்டுவந்தனீங்கள்? உங்கட வீடு அன்ரியின்ர சீதனம். உறுதி அவவின்ர பேரில." கையைப் பாதியில் இறக்கினார். அன்ரி எதிர் வரிசையில் இருந்தார். ஐயா அவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்த எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தது. "குடியிருப்பாளர்களின் கவனத்திற்கு: ஐந்தாம் மாடி தமது நிலைப்பாட்டைத் தெரிவிக்கவும்."

எல்லாரும் போனைப் பார்த்துவிட்டு அன்ரியைப் பார்த்தார்கள். அன்ரி மடியில் கையைக் கோர்த்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த ரீச்சரிடம் எல்லாருக்கும் கேட்கும்படி, "நான் போன் கொண்டு வரேல்லை" என்றார். இதற்குமேல் ஐயாவுக்கு வழியில்லை. தொண்டையைச் செருமினார். "இஞ்சேரும்..." என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. கட்டடமே அதிர, அந்த ரயில் போய் முடியும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ரயில் போனது. "நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார்.

அன்ரி அவசரப்படவில்லை. "இந்த அறையை மூடினால், நீங்கள் வியாழக்கிழமையில எங்க போவியள்?"

கடைசி எச்சரிக்கை

அன்ரியின் அந்த ஒரு வாக்கில் அறை தப்பியது. கூட்டம் முடிந்து மேலே வந்தபோது என் பலகை பழைய இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தர்சினியின் வேலை. சோதனை முடியட்டும், பிறகு கலியாணத்தைப் பார்ப்போம் என்று அப்பாவிடம் நேரேயே சொல்லிவிட்டாளாம், இருந்தாலும் பலகை இருப்பது ஒரு பாதுகாப்பு என்றாள். அவசரத்தில் கொஞ்சம் கோணலாகக் கொழுவியிருந்தாள். வியாழக்கிழமை ஐந்து மணிக்குச் செயலாளர் வந்து அதைத் தட்டி நேராக்கினார். பின்னால் அன்ரி நின்றார். "எச்சரிக்கைக்குத்தான் வந்தனாங்கள்" என்றார் ஐயா.

இரண்டு கதிரையை எதிரெதிராகப் போட்டேன், நடுவில் தரகர் இல்லை. ஐயா என்னைப் பார்த்து, "இவவுக்குச் சொல்லுங்கோ பிள்ளை..." என்று தொடங்கினார். நான் "ம்"கூடச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தேன். நான் உதவிக்கு வரப்போவதில்லை என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் நெளிந்தார். கடலைப் பார்த்தார். பிறகு கதிரையைச் சற்றுத் திருப்பிப்போட்டு, மோட்டர் கதையையும், "அங்க நான் ஆர்?" என்பதையும் அன்ரியிடமே சொன்னார். அன்ரி அவருடைய சேர்ட்டுக் கொலரை இழுத்துச் சரிசெய்தார். "நீங்கள் இல்லாமல் நான் எங்கயும் போகேல்லை. அதை ஏன் ஒருக்காலும் கேக்கேல்லை?" என்றார். நான் எழும்பிப்போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன், அழுவது தெரியக்கூடாது என்பதற்காக. திரும்பி வந்தபோது ஐயா பழைய செயலாளராகி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவியிடம் ஒரு விபரம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"மகள் இருக்கிற கட்டடத்தில இப்ப செயலாளர் ஆராம்?"

வாயை மூடிக்கொண்டிருந்து இந்தத் தொழிலில் அப்படி என்னதான் சாதித்தாய் என்று யாராவது கேட்டால், எங்கள் கட்டடத்துக் குறூப்பில் இப்போதெல்லாம் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி மட்டும்தான் அறிவித்தல் வருகிறது என்று தலைநிமிர்ந்து சொல்வேன்.